தகரத்தில் போன புள்ளிகள்: ராக்கெட்பாலிலிருந்து ஸ்குவாஷுக்கு வந்த ஒருவனின் கணக்கு

நான்கு சுவர்களுக்குள் மட்டையால் பந்தைச் சுவரில் அடித்து ஆடுவது ஸ்குவாஷ். அதன் களத்தின் முன்சுவரில், தரையிலிருந்து 48 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு தகரப் பட்டை பொருத்தியிருப்பார்கள். ‘டின்’ என்பதுதான் ஆடுபவர்கள் அதற்குச் சொல்லும் பெயர். பந்து அதில் பட்டால், கடையின் ஷட்டரை ஓங்கித் தட்டியது போன்ற ஓசை களம் முழுவதும் எதிரொலிக்கும். புள்ளி எதிராளிக்குப் போய்விடும். ஏழு ஆண்டுகள் டெக்சாஸில் ராக்கெட்பால் ஆடிவிட்டுச் சென்னைக்குத் திரும்பிய எனக்கு, முதல் ஆறு மாதங்கள் ஆட்டம் என்றாலே இந்த ஓசைதான் என்று ஆகிப்போனது.

ராக்கெட்பாலை அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். அதன் களம் 40 அடி நீளமும் 20 அடி அகலமும் 20 அடி உயரமும் கொண்ட ஒரு பெட்டி. நான்கு சுவர்களோடு மேற்கூரையும் ஆட்டத்துக்குள் அடக்கம். பந்து 57 மில்லிமீட்டர் விட்டமுள்ள உள்ளீடற்ற ரப்பர் பந்து, துள்ளிக்கொண்டே இருக்கும். மட்டை 22 அங்குலத்தைத் தாண்டாது. முன்சுவரில் டின் கிடையாது என்பதால், தரைக்கு ஓரிரு அங்குலம் மேலே பந்தை அறைந்து, அது எழும்பாமல் தரையோடு உருண்டு வரும்படி செய்ய முடியும். ‘கில் ஷாட்’ என்னும் அந்த அடி விழுந்துவிட்டால் உலகின் எந்த வீரராலும் அதை எடுக்க முடியாது. நான் கில் அடிப்பவன் என்று என் உடற்பயிற்சிக் கூடத்தில் பெயர் வாங்கியிருந்தேன். அடித்த கில்களில் எத்தனை சுவரைத் தொடும் முன்பே தரையில் பட்டு வீணாயின என்பதை மற்றவர்கள் எண்ணவில்லை, நானும் எண்ணவில்லை.

எண்ணாமல் இருந்ததற்கு ஆட்ட விதியும் ஒரு காரணம் என்று பின்னால்தான் புரிந்தது. நாங்கள் ஆடிய பழைய முறையில் சர்வ் போடுபவருக்கு மட்டுமே புள்ளி. ஆட்டம் 15 புள்ளிக்கு. நான் சர்வ் போடும்போது கில் தவறினால் சர்வை மட்டுமே இழப்பேன், புள்ளிப் பலகை அசையாது. இன்றைய ஸ்குவாஷில் யார் சர்வ் போட்டாலும் ஒவ்வொரு ராலிக்கும், அதாவது பந்து மாறி மாறி அடிபடும் ஒவ்வொரு தொடருக்கும், ஒரு புள்ளி உண்டு. 11 புள்ளிக்கு ஆட்டம் முடிந்துவிடும். அங்கே கடனாக மறைந்து கிடந்த தவறுகள் இங்கே வட்டியோடு பலகையில் ஏறின.

சென்னையில் எனக்கு எட்டிய தூரத்தில் ராக்கெட்பால் களம் கிடைக்கவில்லை. ஸ்குவாஷுக்கோ இந்த ஊரில் பஞ்சமில்லை. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நேரு பூங்காவிலுள்ள அகாடமியில்தான் இந்திய வீராங்கனைகளான ஜோஷ்னா சின்னப்பாவும் தீபிகா பள்ளிக்கலும் பயின்றார்கள். கொல்கத்தாக்காரரான வீரர் சௌரவ் கோஷல் பயிற்சிக்காகவே இங்கே வந்து தங்கினார். நான் சேர்ந்தது அந்த உயரத்தில் உள்ள இடமன்று. குளிர்சாதனம் இல்லாத, மேலே மின்விசிறி சுழலும், பழைய மன்றம் ஒன்றின் ஒற்றைக் களம். அங்கே காலை ஆறு மணிக்குக் கதவைத் திறப்பவர் மார்க்கர். நம் ஊர் மன்றங்களில் களத்தைப் பார்த்துக்கொண்டு, ஆள் குறைந்தால் கூட ஆடி, கேட்டால் சொல்லியும் கொடுப்பவருக்கு அதுதான் பதவிப் பெயர். ஐம்பது வயதைக் கடந்த அவர், பயிற்சியாளர் என்று அழைத்தால் கூச்சப்படுவார்.

என் வழக்கமான எதிராளி வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், என்னைவிடப் பதினாறு வயது மூத்தவர். முழங்காலில் உறை மாட்டிக்கொண்டு வருவார். ஓடுவது என்று சொல்லத்தக்க எதையும் அவர் செய்து நான் பார்த்ததில்லை. முதல் இரண்டு முழுப் போட்டிகளில் 3-0, 3-0 என்ற ஆட்டக் கணக்கில் என்னை வென்றார். இரண்டாவது முடிந்து படியில் உட்கார்ந்திருந்தபோது மார்க்கர் தண்ணீர்க் குப்பியை நீட்டியபடி சொன்னார்: “சார், நீங்க பாயிண்ட்ட முடிக்கத்தான் பாக்குறீங்க. பந்து இன்னும் முடிக்கிற இடத்துக்கே வரல.”

அந்தச் சொல் எனக்கு உறைக்கவில்லை. என் அடிகள் போதிய கூர்மையில்லாதவை, டின்னுக்கு மேலே இரண்டு விரல் இடைவெளியில் அடிக்கப் பழகிவிட்டால் போதும் என்றே நினைத்தேன். மாற்றியது என் மகள்தான். கல்லூரி விடுமுறையில் என்னோடு வந்திருந்தவளிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, பின்சுவருக்கு மேலுள்ள மாடத்தில் உட்கார்ந்து, நான் இழக்கும் ஒவ்வொரு புள்ளியையும் எழுதச் சொன்னேன். எந்த இடத்திலிருந்து அடித்தேன், என்ன அடி, எப்படி முடிந்தது என்ற மூன்று விவரங்கள் மட்டும். இரண்டு போட்டிகளில் 66 புள்ளிகளை இழந்தேன். அவற்றில் பெரியவர் தன் அடியால் வென்றவை 21. மீதி 45-ம் நான் கொடுத்தவை. அவற்றில் டின்னில் போனவை மட்டும் 29. அந்த 29-இல் 23 முறை நான் களத்தின் பின்பாதியில் நின்றோ, எட்டிப் பிடித்தோ, ஓடிக்கொண்டோ அடித்திருந்தேன். அதே இரண்டு போட்டிகளில் தாழ்வாக அடித்து நான் வென்ற புள்ளிகள் எட்டு.

எட்டு ரூபாய் வரவுக்கு 29 ரூபாய் செலவு. “அவர் உங்களத் தோக்கடிக்கலப்பா, பக்கத்துல நின்னாரு, அவ்வளவுதான்” என்றாள் மகள்.

இந்தக் கணக்கை எடுப்பதற்கு முன் எனக்கு யார் எந்த அறிவுரை சொல்லியிருந்தாலும் தலையாட்டிவிட்டு மறந்திருப்பேன். ஆட்டத்தை மாற்ற விரும்பும் எவரும் முதலில் இரண்டு போட்டிகளைக் கைபேசியில் பதிவு செய்தோ, ஒருவரை எழுதச் சொல்லியோ இந்தப் பட்டியலைப் போட வேண்டும். நம் நினைவில் நாம் வென்ற அடிகள் மட்டுமே தங்குகின்றன.

பின்பாதியிலிருந்து தாழ்வாக அடிப்பது ஏன் பயனில்லாதது என்பதை நான் தாளில் வரைந்துதான் புரிந்துகொண்டேன். ஸ்குவாஷ் களத்தின் நீளம் 9.75 மீட்டர். நடுவில் கோடுகள் ‘டி’ வடிவில் சந்திக்கும் இடம் முன்சுவரிலிருந்து ஏறத்தாழ ஐந்தரை மீட்டரில் இருக்கிறது. எதிராளி அங்கே அல்லது அதற்கு ஒரு காலடி பின்னால் நிற்பார். நான் பின்மூலையில் நின்று மெல்லிய டிராப், அதாவது முன்சுவரில் பட்டு அதன் அருகிலேயே விழும் அடி, அடித்தால், பந்து முன்சுவரை அடைய எட்டு, ஒன்பது மீட்டர் பயணம் செய்ய வேண்டும். அந்த நேரத்துக்குள் அவர் இரண்டு மூன்று காலடியில் பந்தருகே போய்விடுவார். நானோ அவருக்குப் பின்னால், காலியான முன்களத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பேன். ஆக, அடி தவறினால் டின், சரியாக விழுந்தாலும் அவருக்கு வாய்ப்பு. ராக்கெட்பாலில் பின்னாலிருந்து அடிக்கும் கில் அரிதாக விழுந்தாலும், விழுந்தால் அது முடிவு. இங்கே 48 சென்டிமீட்டருக்கு மேல் பட்டு இறங்கும் பந்து, சுவரும் தரையும் சேரும் இடுக்கில் விழுந்தாலொழிய, ஒரு துள்ளு துள்ளியே தீரும். இறுதித் தீர்ப்பு என்ற ஒன்றை அந்த டின் கிட்டத்தட்ட இல்லாமல் ஆக்கிவிட்டது. அதை உணராமல் நான் தீர்ப்பு எழுதிக்கொண்டே இருந்தேன்.

மார்க்கர் எனக்கு இட்ட முதல் கட்டளை இரண்டு வாரத்துக்கு முன்களத்தையே மறந்துவிட வேண்டும் என்பது. குறுக்குக் கோட்டுக்குப் பின்னால் விழும் பந்து மட்டுமே செல்லும் என்று வைத்துக்கொண்டு இருவரும் ஆடினோம். பெரியவரும் ஒத்துக்கொண்டார், அவருக்கு அதில் ஒரு நட்டமும் இல்லை. இந்தப் பயிற்சியில் முதல் மூன்று நாட்கள் எனக்குச் சலிப்பு தட்டியது. நான்காம் நாள், சுவரை ஒட்டிப் போய்ப் பின்சுவருக்குச் சற்று முன் இரண்டாவது முறையாக விழும் நேரடி டிரைவ் ஒன்றை அடித்தபோது, பெரியவர் முதல்முறையாக மட்டையை நீட்டி எட்டிப் பிடித்ததைப் பார்த்தேன். அவர் திருப்பிய பந்து களத்தின் நடுவில் எளிதாக வந்து விழுந்தது. மார்க்கர் சொன்ன ‘முடிக்கிற இடம்’ அதுதான்.

நீளமாக அடிப்பதில் நான் செய்த பிழை உயரத்தில் இருந்தது. ராக்கெட்பாலில் எதிராளியைக் கடக்கும் அடியைத் தாழ்வாக அடிக்கப் பழகிய கை, இங்கும் டின்னுக்கு அரை அடி மேலேயே பந்தை அனுப்பியது. அப்படி வேகமாக அடித்த பந்து களத்தின் நடுவில் விழுந்து எதிராளியின் இடுப்பு உயரத்தில் வசதியாக எழும்பும். முன்சுவரின் சர்வீஸ் கோடு தரையிலிருந்து 1.78 மீட்டரில் இருக்கிறது. வேகமான டிரைவுக்கு அந்தக் கோட்டின் அருகிலும், மூச்சு வாங்க நேரம் வேண்டியபோது அதற்கு இரண்டு மூன்றடி மேலேயும் அடிக்கச் சொன்னார் மார்க்கர். “டின்னப் பாக்காதீங்க சார், கோட்டப் பாருங்க.” அத்தனை உயரத்தில் அடிப்பது கோழைத்தனம் என்று தோன்றியது. ஆனால் பந்து பின்மூலைக்குப் போய்ச் சேர்ந்தது.

குறுக்காக அடிக்கும் கிராஸ் கோர்ட் அடியில் இன்னொரு கசிவு. பின்மூலையில் நெருக்கடி வந்தால் என் கை தன்னால் குறுக்காக அடித்துவிடும். அது அகலம் போதாமல் ‘டி’-யில் நிற்பவரின் மட்டைக்கே நேராகப் போகும். அவர் துள்ள விடாமல் வாலி அடிப்பார். குறுக்கடி அடிப்பதென்றால் பந்து எதிர்ப்பக்கச் சுவரில், சர்வ் போடுபவர் நிற்கும் சர்வீஸ் பெட்டியின் பின்விளிம்பை ஒட்டிப் பட வேண்டும். அந்த அகலம் கிடைக்காது என்று தெரிந்தால் நேராகவே அடிப்பது நல்லது. இதை எழுதுவது எளிது. என் இடக்கைப் பக்கத்தில், அதாவது பேக்ஹேண்டில், இன்றும் மூன்றில் ஒன்று நடுவில் போய் நிற்கிறது.

நெருக்கடியில் என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை எனக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. பெயர் மட்டும் வேறு. ராக்கெட்பாலில் மாட்டிக்கொண்டால் ‘சீலிங் பால்’ அடிப்போம். பந்து மேற்கூரையில், முன்சுவரை ஒட்டிப் பட்டுக் கீழிறங்கித் தரையில் துள்ளி, எதிராளியைப் பின்சுவர் வரை இழுத்துச் செல்லும். அதற்குள் நாம் நடுவுக்கு வந்துவிடலாம். ஸ்குவாஷில் கூரையில் பட்டால் அவுட். ஆனால் முன்சுவரின் மேல்பகுதியில், 4.57 மீட்டரில் உள்ள எல்லைக் கோட்டுக்குக் கீழே மெதுவாக ஏற்றி அனுப்பும் லாப் அதே வேலையைத்தான் செய்கிறது. இதை ஒருநாள் மார்க்கரிடம் விளக்கியபோது, “அப்ப உங்களுக்கு ஆட்டம் தெரியும் சார், கோவம்தான் ஜாஸ்தி” என்றார்.

எப்போது தாக்கலாம் என்பதற்கு இப்போது நான் வைத்திருக்கும் அளவு இது: எதிராளி எனக்குப் பின்னால் இருக்க வேண்டும், என் இரு கால்களும் நிலைகொண்டிருக்க வேண்டும், பந்து முழங்காலுக்கு மேலே இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் நீளமாகவோ உயரமாகவோ அனுப்பிவிடுவேன். மூன்றாவது நிபந்தனை பலருக்கும் விளங்குவதில்லை. டின்னின் மேல்விளிம்பு ஏறத்தாழ முழங்கால் உயரம். அதற்குக் கீழே இறங்கிவிட்ட பந்தை எப்படி அடித்தாலும் அது மேல்நோக்கி ஏறித்தான் டின்னைக் கடக்க வேண்டும்; ஏறும் பந்தைத் தாழ்வாகவும் மென்மையாகவும் முடிப்பது தேர்ந்தவர்களின் வேலை. டிராப் அடிக்கும்போதும் டின்னுக்கு மேலே ஒரு கையகலம் இடம் விடுகிறேன். மார்க்கரின் மொழியில் ‘காத்து விடுவது’.

எந்த அடியைத் தேர்வது என்பதில் சென்னையின் வானிலைக்கும் பங்கு உண்டு. ஸ்குவாஷ் பந்து 40 மில்லிமீட்டர் விட்டமும் 24 கிராம் எடையும் கொண்டது, உள்ளே காற்று. சூடாகச் சூடாக உள்ளிருக்கும் காற்றின் அழுத்தமும் ரப்பரின் மீள்திறனும் கூடித் துள்ளல் அதிகமாகும். பந்துக்கான விதிமுறையே 45 டிகிரி வெப்பத்தில் அது 23 டிகிரியில் துள்ளுவதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு துள்ளுவதை எதிர்பார்க்கிறது. குளிர்நாட்டுக் களங்களில் புதிதாக ஆடுபவர்களால், குறைவாகத் துள்ளும் இரட்டை மஞ்சள் புள்ளிப் பந்தைச் சூடாக்கவே முடியாது; அவர்கள் அதைவிடக் கூடுதலாகத் துள்ளும் ஒற்றைப் புள்ளியோ சிவப்புப் புள்ளியோ எடுத்துக்கொள்வது அறிவுடைமை. சித்திரை, வைகாசியில் எங்கள் களத்தில் இரட்டைப் புள்ளிப் பந்து பத்து நிமிடத்தில் டென்னிஸ் பந்தாகிவிடும். அப்போது டிராப் சாகாது. பின்மூலைக்குப் போன டிரைவ் பின்சுவரில் பட்டு வெளியே வந்து எதிராளிக்கு விருந்தாகும். எனவே வெயில் மாதங்களில் டிரைவைச் சற்றுத் தாழ்த்தி, பின்சுவருக்கு முன்பே இருமுறை விழும்படி அடிக்க வேண்டியிருக்கிறது. ராலி நீளும், தண்ணீரும் பொறுமையும் அதிகம் வேண்டும். மார்கழிக் காலையில் அதே பந்து சோம்பிக் கிடக்கும். லாபும் டிராப்பும் அன்று இரண்டு மடங்கு மதிப்புள்ளவை. ஐப்பசி, கார்த்திகையில் சுவர் வேர்க்கும். ஈரத்தில் பட்ட பந்து எழும்பாமல் சறுக்கும் என்பது ஒருபுறம். தரை வழுக்கினால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போவதே சரி. ஈரத் தரையில் ஆடி முழங்காலைத் திருகிக்கொண்ட ஒருவரை எனக்குத் தெரியும். காலையில் கண்ணாடி பார்க்கும்போது தென்படுவார்.

நிற்கும் இடத்திலும் பழைய பழக்கம் என்னைப் பின்னுக்கு இழுத்தது. ராக்கெட்பாலில் நடுக்களம் என்பது முன்சுவரிலிருந்து 25 அடிக்கு மேல் தள்ளி, களத்தின் பாதிக்கும் பின்னால் இருக்கும். அதே தொலைவில் இங்கே நின்றால் பின்சுவரை நெருங்கிவிடுவோம். இது பழகச் சில மாதங்கள் ஆயின. பாதுகாப்புக் கண்ணாடி அணியும் பழக்கத்தை மட்டும் நான் விடவில்லை. மன்றத்தில் சிலர் சிரித்தார்கள், சிரிக்கட்டும். 40 மில்லிமீட்டர் பந்து கண்குழிக்குள் அளவெடுத்தாற்போல் பொருந்தும்.

2023 ஜூனில் ஸ்குவாஷ் உலகக் கோப்பைக்காக எக்ஸ்பிரஸ் அவென்யூ வணிக வளாகத்துக்குள் கண்ணாடிக் களம் அமைத்திருந்தார்கள். எகிப்து அணி கோப்பையை வென்ற போட்டி அது. நான் ஒருநாள் மாலை போய் நின்றேன். சுற்றியிருந்தவர்கள் மூலையில் விழுந்து சாகும் அடிகளுக்குக் கைதட்டினார்கள்; அவை கைதட்டத் தக்கவைதாம். நான் அவற்றுக்கு முந்தைய நான்கைந்து அடிகளை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்துகொண்டு நின்றேன். பெரும்பாலும் ஒரே சுவரை ஒட்டி மேலும் கீழும் போய்வரும் நேரடி டிரைவ்கள். ஒன்று மட்டும் சுவரைவிட்டு ஒரு முழம் விலகும். அந்த நொடியில் எதிராளி முன்னேறிப் பந்தை வாலியில் எடுத்துவிடுவார். கைதட்டல் வருவதற்கு இரண்டு அடிகளுக்கு முன்பே புள்ளி முடிவாகிவிட்டது தெரிந்தது. தொலைக்காட்சியில் பார்க்கும்போதும் இப்படிப் பார்க்கலாம். ஒலியை நிறுத்திவிட்டால் இன்னும் எளிது.

இடையே அலுவல் காரணமாக மூன்று வாரம் டெக்சாஸ் போக நேர்ந்தது. பழைய நண்பர்களோடு ராக்கெட்பால் ஆடினேன். பின்களத்தில் மார்பளவு உயரத்தில் பந்து வந்தபோதெல்லாம் கில் அடிக்கத் துடித்த கையைக் கட்டி, பக்கச் சுவரை ஒட்டிக் கடத்தும் அடியையே அடித்தேன். நண்பர்கள் பின்னால் ஓடித் திரும்பிய பலவீனமான பந்தை, நடுவில் நின்று, தாழ்வாக முடித்தேன். முன்பு என்னை எப்போதும் வென்றவரோடு இரண்டு ஆட்டங்கள் வென்று ஒன்றில் தோற்றேன். அங்கே எனக்குச் சொல்லித்தர ஆளில்லாமல் இல்லை. கடத்தும் அடியைக் கில்லுக்கு முன் வையுங்கள் என்று ஏழு ஆண்டும் சொன்னார்கள். டின் இல்லாத ஊரில் அது என் காதில் விழவில்லை.

போன மாதம் பெரியவரோடு ஆடிய போட்டி ஐந்தாவது ஆட்டம் வரை போனது. 9-10 என்று நான் பின்தங்கியிருந்தேன். ராலி நீண்டது, முப்பது அடிகளாவது இருக்கும். என் நேரடி டிரைவ் ஒன்று அவரைப் பின்மூலையில் மடக்க, அவர் திருப்பிய பந்து முன்களத்தில் முழங்காலுக்கு மேலே மெதுவாக எழுந்தது. அவர் எனக்குப் பின்னால். என் கால்கள் ஊன்றியிருந்தன. டிராப் அடித்தேன். ஷட்டர் ஓசை.

கை குலுக்கிவிட்டு வெளியே வந்தபோது மார்க்கர் வாளியும் துணியுமாக நின்றுகொண்டிருந்தார். “இந்த டின் சரியான டின் சார்” என்றார். “நாளைக்கு அரை மணி முன்னாடி வாங்க, டிராப் மட்டும் நூறு போடலாம்.”